இடுப்புக் கோடு இல்லாத ஏழு

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சு முசியே எங்கள் மாமாவிடம் விட்டுப்போன வண்டி அது. மாமாவுக்கு ஓட்டத் தைரியம் வரவில்லை, எனக்கு வந்தது. தினமும் காலையில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் தாண்டிப் போவேன். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். பஸ்ஸை நம்பினால் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

ரோடு என்று பெயர்தான். மாட்டு வண்டிகள் உழுதுபோட்ட தடம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சக்கரம் டங்கென்று அடிக்கும். அந்த அடி நேராக அக்காவின் இடுப்புக்குப் போகும். இறங்கியதும் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிள்ளைகள் யாராவது ஓடி வந்தால் கையை எடுத்துவிடுவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்டா. முடியலேன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

"அதத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றார் அப்பா. அக்கா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குப் போவதற்காக அவள் வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அதை நடத்தினவன் என்னோடு எட்டாவது வரை படித்தவன். என் வண்டியின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு குழாய், குழாய்க்குள் ஸ்பிரிங். அவன் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மொதல்ல கழட்டிப் பாக்கலாம். உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமலே புதுசு வாங்குவியா?" என்றான்.

"பழசத் தட்டிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லடா. மெட்ராஸ்ல புதுசா வந்திருக்குது. லிஸ்டே வச்சிருக்கேன்."

"படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவன் ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டான்.

மெட்ராஸ் கடை லிஸ்டில் என் வண்டிக்கு இரண்டு நம்பர் ஸ்பிரிங் இருந்தது. நாற்பத்தொன்று, இரண்டு பேர் போகிற வண்டிக்கு, மெத்தென்று இருக்கும். நாற்பத்தேழு, சைடுகார் பூட்டிப் பாரம் இழுக்கிற வண்டிக்கு. நான் நாற்பத்தொன்று வேண்டுமென்று, நம்பரை எண்ணிலேயே போட்டு, என் அழகான கையெழுத்தில் எழுதிப்போட்டேன். பார்சல் வந்தது. என்ன நம்பர் என்றுகூடப் பார்க்காமல், நானே உட்கார்ந்து மாட்டினேன்.

முதல் நாள் முதல் பள்ளத்திலேயே அக்கா "அம்மா!" என்றாள். பழசே தேவலாம் என்பதுபோல் இருந்தது.

"புதுசுக்கா. பழகப் பழக எளகும்" என்றேன்.

நான்கு நாள் பழகினாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை மைல் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தாள். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். எதிரே வந்தவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ராஜினாமா எழுதக் காகிதம் தேடியிருக்கிறாள். பார்சல் பெட்டியில், பில்லோடு சேர்த்துக் குத்தி, கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்த என் கடிதம் அவள் கையில் கிடைத்தது.

"டேய், இங்க வா. இது எத்தினி?"

"நாப்பத்தொண்ணு."

"எம் பசங்ககிட்ட காட்டு, நாப்பத்தேழும்பாங்க."

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றாம் எண் அப்படித்தான் இருக்கும். கீழேயிருந்து நீளமாக ஒரு கோடு ஏறி, பிறகு நேராக இறங்கும். எங்கள் ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு உண்டு, அதனால் எங்களுக்குள் குழப்பமே வராது. மெட்ராஸ்காரருக்கு அந்த இடுப்புக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? பில்லைப் பார்த்தேன். நாற்பத்தேழு என்றுதான் போட்டிருந்தது. சைடுகார் ஸ்பிரிங்கின்மேல் என் அக்காவை ஐந்து நாள் உட்காரவைத்திருக்கிறேன்!

"எளகும் எளகும்னு வேற சொன்ன" என்று அவள் சிரித்தாள். ஆனால் ராஜினாமா எழுத வேறு காகிதம் தேடப் போனாள்.

கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். 'அப்பவே சொன்னேன்' என்று அவன் சொல்லவில்லை. அதற்காகவே அவனுக்கு நான் கடமைப்பட்டவன். ஸ்பிரிங்கை நிறுத்திவைத்து அளந்தான், பிறகு குழாயைப் பிரித்தான். உள்ளே கிரீஸ் காய்ந்து, மணல் சேர்ந்து, பழம்புளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்பிரிங் ராஜா மாதிரி இருக்குது. புஷ்ஷுதான் செத்துப்போச்சி" என்று குழாய்க்குள் இருக்கும் பித்தளை வளையத்தைக் காட்டினான். வட்டமாக இருக்கவேண்டியது முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங் அமுங்கவே வழியில்லாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். "புஷ்ஷா? நான் புஷ்புஷ்லயே போயிருப்பனே" என்றாள் அக்கா, எங்கள் ஊரில் ஆள் தள்ளுகிற வண்டியை நினைத்து.

அவன் புது வளையம் கடைந்து போட்டு, குழாயைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்து, பழைய ஸ்பிரிங்கையே மாட்டினான். அப்போது, சைடுகாரில் ரொட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒருவர் பின்பக்கம் தரையைத் தொடுகிற வண்டியோடு அங்கே வந்து நின்றார். மூலையில் கிடந்த நாற்பத்தேழைப் பார்த்து, "இது யாருது?" என்றார்.

"ஒண்ணும் ஏழும் தெரியாதவனுது" என்றான் என் நண்பன்.

அவருக்கு அது அளவெடுத்த மாதிரி இருந்தது. அதற்கு மாற்றாக, சைடுகார் வந்த பிறகு தம் வீட்டுப் பரணில் சும்மா கிடந்த ஸ்பிரிங் வைத்த பின்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை அக்கா அந்தச் சீட்டில் ஏறினாள். கைப்பையில் ராஜினாமா இருந்தது எனக்குத் தெரியும். பள்ளத்தைப் பார்த்ததும் நான்தான் பல்லைக் கடித்தேன். சக்கரம் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. அடுத்த பள்ளத்திலும் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "வேகமாப் போடா, மணியடிச்சிடப் போறாங்க" என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி நேராக உள்ளே போனாள். கை இடுப்புக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்று, கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"பின்பக்கம் காலியா இருக்குது. சாயங்காலம் வர்றதுக்குள்ள நூறு தரம் ஒண்ணு எழுதி வை. கோடு நீளமாப் போச்சின்னா திரும்ப நூறு."

ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன், சந்தோஷமாக.