இன்னைக்கு மட்டும் அனுமதி

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சிறைப்பட்டேன். ஏரியில்! பதறாதீர்கள்... தண்ணீருக்குள் இல்லை, வேலிக்குள்.

புதுவாயல் பக்கம், எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. கொஞ்ச காலமாக அதைச் சுற்றிக் கம்பி வேலி. 'பராமரிப்பு'க்காக அதிகாரிகள் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்களாம். நன்றாகவே பராமரிக்கிறார்கள். கரை முழுக்க டைல்ஸ், செல்ஃபி எடுக்க ஒரு சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி. போக வர ஒரே கேட். கார்டு இருந்தால் உள்ளே வாக்கிங் போகலாம். எங்களிடம் கார்டு உண்டு.

ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம்? இல்லை. அவர்களுக்கு எதற்கு வாக்கிங்? கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டுதானே வேலை செய்கிறார்கள்!

அன்று நடந்து முடித்துத் திரும்பினால், கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். முன்னால் அமுதா. பக்கத்துத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்ப்பவர். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அன்று சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்குக் காரியம். மொட்டையடித்த தலையோடு தம்பி, அவன் கையில் வாழையிலை மூடிய பிண்டச் சோறு. ஏரியில் கரைத்துவிட்டுத் தலைமுழுக வேண்டும். அந்த ஊரில் எல்லாச் சாவுக்கும் அதுதான் வழக்கம்.

கேட்டில் பூட்டு. உள்ளே செக்யூரிட்டி வெங்கடேசன். அவரும் அதே ஊர்தான்.

"அக்கா, உள்ள உட்டா என் வேலை பூடும்க்கா. மேனேஜர்கிட்ட பேசிக்கினுதான் இருக்கேன்."

"பேசு. நாங்க இங்கயே குந்திக்கினு இருக்கோம்" என்றார் அமுதா. உட்கார்ந்தும் விட்டார். கேட்டை அடைத்துக்கொண்டு மொத்தச் சொந்தமும் தரையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் உள்ளே நின்ற வாக்கிங்காரர்களான எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர்கள் உள்ளே வர முடியாது, சரி. நாங்கள் எப்படி வெளியே போவது?

"இது பப்ளிக் நியூசன்ஸ்!" என்று டிராக் பேன்ட் போட்ட ஒரு பெரியவர் கத்தினார். எங்கள் மூன்றாவது மாடிக்காரர்.

"இன்னா சார், பப்ளிக்குன்னா நீங்க மட்டுந்தானா?" அமுதா குரலை உயர்த்தவே இல்லை.

நான் கார்டை மெல்லச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

வெயில் ஏறியது. இலைக்குள் சோறு காய்ந்தது. ஒருவழியாக மேனேஜர் காரில் வந்து இறங்கினார். இளைஞர், நல்ல மரியாதை தெரிந்தவர். "மேடம், உங்க துக்கம் புரியுது. இன்னைக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன் தர்றோம்."

கூட்டம் எழுந்தது. அமுதா மட்டும் கேட்டில் சாய்ந்தபடி எழவே இல்லை.

"இன்னைக்கு மட்டும்னா? இனிமே எங்க ஊர்ல யாரும் சாவக் கூடாதா?"

மேனேஜர் தன் போனைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு வந்த உத்தரவில் சாவைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை போலிருக்கிறது.

"யக்கா, நைனா காரியம் முடியட்டும்க்கா, அப்புறம் பேசிக்கலாம்" என்று தம்பி கெஞ்சினான். அமுதா அவன் கையிலிருந்த இலையைப் பார்த்தார். அவருக்கு மட்டும் அவசரமில்லையா என்ன?

"இப்ப எழுந்தா, நாளைக்கு நம்ம ஏரிக்கே நாம பர்மிஷன் கேக்கணும்டா. பூட்டக் கழட்டச் சொல்லு. எழுந்துக்கறேன்."

இங்கேதான் எங்கள் மூன்றாவது மாடிக்காரர் வரலாறு படைத்தார். மனிதருக்குச் சர்க்கரை வியாதி. நாஷ்டா நேரம் தாண்டிவிட்டது. "அவங்க கேக்கறது நியாயம்தானேப்பா! ஏரி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? பூட்டைக் கழட்டு!" என்று மேனேஜரைப் பார்த்து ஒரு போடு போட்டார். பசி வந்தால் எப்பேர்ப்பட்ட தெளிவு!

உடனே கார்டுதாரர்கள் எல்லோரும் கத்தினோம். நானும்தான். மேனேஜர் யார் யாருக்கோ போன் செய்தார். பிறகு வெங்கடேசனைப் பார்த்துத் தலையசைத்தார். வெங்கடேசன் பூட்டைத் திறந்து, அதை அமுதாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். அவர்கள் உள்ளே போனார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் தம்பி தண்ணீரில் இறங்கிச் சோற்றைக் கரைத்தான். அதுவரை கல் மாதிரி இருந்த அமுதா, கரையில் உட்கார்ந்து, "நைனா..." என்று உடைந்து அழுதார்.

அதன் பிறகு ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, மனு கொடுத்து, அலைந்து... இப்போது கேட்டில் பூட்டு இல்லை. கார்டும் இல்லை. போன வாரம் ஒரு விழாவே நடந்தது. பந்தல், மைக், ரிப்பன், பளபளவென்று ஒரு கல்வெட்டு. 'பொதுமக்கள் பயன்பாட்டுக்காக ஏரி திறந்து வைக்கப்பட்டது' என்று பொறித்து, திறந்தவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

மூடியவர்கள் பெயருக்குத்தான் இடம் போதவில்லையாம்!