முந்திரி உட்கார்ந்த போண்டா

ஆஸ்பத்திரி கேன்டீன் போண்டாவைக் கடித்தபோது பல்லில் ஒரு முந்திரி தட்டுப்பட்டது. மூன்று நாளாக பெஞ்சிலேயே உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. என் கணவரைப் பற்றி டாக்டர் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ருஷ்யாக்காரன் வானத்தில் முதல் செயற்கைக்கோளை விட்டபோது எனக்கு ஏழு வயது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் வீடு. நாலு கம்பி நீட்டிய உருண்டையாகப் பேப்பரில் வந்த அதன் படத்தைப் பார்த்து, அம்மா போண்டாவில் நான்கு தென்னை ஈர்க்குகளைக் குத்தினாள். ஒன்பது பேருக்குச் சமைத்து ஓய்ந்த கை அது. ஆனாலும் என் தலையைச் சுற்றி ஒருமுறை பறக்கவிட்டு, "உலகத்தச் சுத்தியாச்சு, தின்னு" என்றாள். சாயங்காலமானால் மொட்டைமாடியில் வானத்தைப் பார்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

அடுத்த மாதமே இன்னொரு கோளில் ஒரு நாயை அனுப்பினார்கள். அம்மா போண்டாவுக்குள் முந்திரி வைத்தாள். "உள்ள நாய் உக்காந்திருக்கு, பாத்துக் கடி."

பேப்பரை மடித்தபடி அப்பா, "அந்த நாய் திரும்பி வராதாம்" என்றார்.

நான் முந்திரியைத் தோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"வந்துடும்டி. அவருக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்பா வீட்டுக்கு வந்துடுவாங்கல்லம்மா?"

தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த முந்திரியையே பார்த்தபடி, "வந்துடுவாங்கடி" என்றேன்.