மூன்று சுளகில் ஒரு துண்டுப்பிரசுரம்

எங்கள் மாம்புரியில் எல்லோருக்கும் அக்கா முறையான ஸுலைஹா ராத்தாவைப் பற்றி எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! அரை ஏக்கர் வெங்காயத் தோட்டம், ஒரு நன்னீர்க் கிணறு, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அவரிடம் இருப்பவை அவ்வளவுதான்.

ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மதுரங்குளி வாசிகசாலைக்குப் போகிறார். அங்கே நிஷாந்தினி டீச்சர் பத்திரிகைக் கட்டுரை, விளம்பரம் எல்லாவற்றையும் வாசிக்க வைத்து, எழுதியவர் நம்மை எப்படி இணங்க வைக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பழக்குகிறார். முதல் மாதம் ராத்தாவிடம் ஒரே கேள்விதான்.

"இவ்வளவு வடிவா எழுதின மனிசன் பொய் சொல்லுவாரா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது.

போன மாதம் ஊருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. ராத்தாவின் கிணற்றிலிருந்து அறுபது அடியில் ஒரு கம்பனி இறால் பண்ணை போடப் போகிறதாம், எங்கள் மாதர் சங்கம் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். உப்புத் தண்ணீர் கிணற்றில் இறங்கினால் வெங்காயம் இல்லை. ராத்தாவுக்குப் பிழைப்பும் இல்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது கத்திரிக்கோலோடு இருந்தார். பிரசுரத்தை வசனம் வசனமாக வெட்டி, வெங்காயம் பிரிக்கிற மாதிரி, அரிசி புடைக்கிற மூன்று சுளகில் போட்டிருந்தார்.

"இது இனிக்க இனிக்கச் சொன்னது. இது பயங்காட்டினது, 'பக்கத்து ஊரெல்லாம் சம்மதம், நீங்க மட்டும் பின்னாலயா?' எண்டு. இந்தச் சுளகு ஆதாரத்துக்கு. பாரு புள்ள, என்ன ஈக்குது?"

அதில் கிடந்தது தொலைபேசி இலக்கம் மட்டும்!

மாதர் சங்கக் கூட்டத்தில் வாசிக்க ராத்தாவும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ அதையும் வெட்டத் தொடங்கினார். முக்கால்வாசி பயத்துச் சுளகில் விழுந்தது.

"அல்லாஹ்வே, நானும் அந்தப் பிரசுரக்காரன மாதிரித்தான் எழுதி ஈக்கிறேன்!"

"நீங்க சொன்னது உண்மைதானே ராத்தா?"

"உண்மையா ஈக்கலாம். காட்டினேனா?"

அடுத்த நாளே பழைய இறால் குளமொன்றின் பக்கத்திலுள்ள கிணற்றைத் தேடிப்போய், அதன் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவி பஹ்மிதா கிண்டலோடுதான் வரவேற்றார்.

"வாங்க வாங்க, வாசிகசாலை மகாராணி! என்ன பிரசங்கம் இண்டைக்கு?"

"பிரசங்கம் இல்ல மச்சி. ரெண்டு கிளாஸ் தண்ணி. இது என்ட கிணறு, இது இறால் குளத்துப் பக்கக் கிணறு. குடிச்சுப் பாருங்க."

இரண்டாவதை வாயில் வைத்த பஹ்மிதா முகம் கோணி வெளியே ஓடித் துப்பினார். ஒரே சிரிப்பு. ராத்தா சிரிக்கவில்லை.

"நான் பாத்தது ஒரு கிணறுதான். அந்தத் தண்ணி குளத்தாலதான் கெட்டதெண்டும் எனக்குச் சொல்ல ஏலா. எங்கட கிணறு கெடாதெண்டு அவங்களுக்கும் சொல்ல ஏலாதுதானே? பரிசோதிச்சுக் காட்டட்டும்."

பஹ்மிதா பேனையை எடுத்து, சம்மதப் படிவத்தின் தலைப்பைக் கோடு போட்டு வெட்டி, மேலே எழுதினார்: "முதலில் தண்ணீர் பரிசோதனை அறிக்கை தாருங்கள்."

அதன் கீழே முப்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டோம்.