பெருக்கல் குறி போட்ட கேசட்

என் அப்பா மைக்செட் வைத்திருந்தார். திருமயம் பக்கத்தில் ஏழெட்டு ஊர்களில் காதுகுத்தோ கல்யாணமோ திருவிழாவோ, எங்கள் வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேசட்டுகளின் மேல் படம் வரைந்து வைத்திருப்பார். வேல் இருந்தால் முருகன் பாட்டு, சூலம் இருந்தால் அம்மன் பாட்டு, மோதிரம் இருந்தால் கல்யாணப் பாட்டு. துக்க வீட்டுக் கேசட்டுக்கு என்ன படம் என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்குப் படம் வேணாம் ஆத்தா, எடுக்குறப்பவே கைக்குத் தெரிஞ்சுரும்" என்றார்.

பென்டிரைவ் வந்து எல்லோரும் மாறிவிட்ட பிறகும் அப்பா டேப்பை விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரிலேயே பெரிய வீட்டைச் சுத்தம் செய்த காவல்காரர், ஒரு பெட்டி நிறையப் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் லண்டனில் கடை வைத்திருந்தவர்கள். இப்போது எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு பாட்டு இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அலறல், காதில் ஆணி இறக்குவதுபோல. "மொத்தமும் கெட்டுப்போச்சு" என்று ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, பரணில் ஏற்றிவிட்டார். அதற்குப் பெருக்கல் குறி என்று பெயர் வைத்தது நான்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு "பழஞ்சின்னங்களைக் காப்போம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நார்த்தாமலைக் கோயிலைப் பற்றியெல்லாம் நானே எழுதினேன். ஆனால் பேசிக் காட்டினால் சரியா தப்பா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. என் குரலை நானே கேட்டுத் திருத்திக்கொள்வது என்று முடிவு செய்து, அப்பா இல்லாத ஒரு சனிக்கிழமை பரணிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தேன். அதன் மேல் பென்சிலால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். இரண்டு பெயர்கள். யாரோ பாடகர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அழிக்கக் கூடாத கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளத்தை அடைத்தால்தான் பதிவு பட்டன் கீழே இறங்கும். செல்லோடேப் ஒட்டி அடைத்தேன். ஆறு நிமிடம் பேசினேன். போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கேசட் பழையபடி பரணுக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், வாசலில் கார் வந்து நின்றது. பெரிய வீட்டின் மகன். அப்பாவின் வயதுதான் இருக்கும்.

"அண்ணே, எங்க வீட்டு கேசட்டெல்லாம் உங்ககிட்ட இருக்காமே?"

"இருக்கு சார். ஆனா எல்லாம் கெட்டது. ஒரு பாட்டுகூட தேறாது."

"அது பாட்டு இல்லண்ணே. கம்ப்யூட்டர் கேம்."

அப்பா என்னைப் பார்த்தார். "விளையாட்டாம்ப்பா" என்றேன். "கேசட்லயா?" என்றார் அப்பா.

வந்தவர் தன் பையிலிருந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்தார். சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது; அதுவும் ஒரு கணினியாம். தான் சிறுவனாக லண்டனில் இருந்தபோது அங்கே வீடுகளில் ஒரு கணினி உண்டு என்றும், அதை டிவியில் மாட்டி, கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றுவார்கள் என்றும் சொன்னார். அந்த அலறலைக் கேட்டுத்தான் கணினி விளையாட்டைப் புரிந்துகொள்ளுமாம்.

"அந்தக் கம்ப்யூட்டர் போயிருச்சு. இது அது மாதிரி நடிக்கும்."

"கூத்துல ராஜா வேசம் கட்டுற மாதிரியா?"

"அதேதாண்ணே. ஆனா வசனம் பூரா கேசட்ல இருக்கு. சென்னையில உருப்படியா ஓடுற டேப் ஒண்ணு கிடைக்கல."

அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் பலகையையும், பலகையில் ஒரு சின்ன விசைப்பலகையையும் மாட்டினார். அப்பாவின் டேப்பிலிருந்து ஒரு ஒயரைப் பலகைக்கு இழுத்தார். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் நான் பேசிப் பதிந்த கேசட்டும் இருந்தது.

முதல் கேசட் ஏறவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அலறலைக் கேட்டார். "ஹெட்டு சாஞ்சிருக்கு சார், சத்தம் மங்கலா விழுது" என்று சின்ன ஸ்குரூடிரைவரால் ஒரு திருகாணியை அரைக்கால் சுற்றுத் திருப்பினார். அலறல் கூர்மையானது. டிவியின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடின.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஐயையோ, டிவியும் போச்சா?"

போகவில்லை. மேலிருந்து கீழாகப் படம் ஒன்று விழுந்தது. பிறகு நகத்தளவு மனிதன் ஒருவன் பள்ளங்களைத் தாண்டிக் குதித்து ஓடினான். பெரிய வீட்டுக்காரர் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார்.

"இதுக்கா இம்புட்டுக் கத்துக் கத்துச்சு?" என்றாள் அம்மா. ஆனாலும் அவர் விசைப்பலகையை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய ஆள் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். "எட்டிக் குதிடா, எருமை!" என்று அவனைத் திட்டினாள்.

மூன்று கேசட்டுகள் ஏறின. நான்காவதை அவர் எடுத்தபோது பென்சில் எழுத்தைப் பார்த்தேன். என்னுடையதுதான்.

"இதுக்காகத்தாண்ணே வந்தேன். இது கடையில வாங்கினதில்ல. நானும் எங்க அக்காவும் ஒரு லீவு பூரா உக்காந்து எழுதின கேம். இங்க இருக்கிற நம்ம வீடுதான் அதுல கோட்டை. அக்கா ஒவ்வொரு அறையா ஞாபகத்துல வச்சே வரைஞ்சா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வீட்டுப் பங்கு விசயத்துல அவ எங்கூடப் பேசி மூணு வருசமாச்சு. இத ஓட வச்சு அவளுக்கு அனுப்பலாம்னு பாத்தேன்."

அப்பா கேசட்டை வாங்கினார். அவருடைய கட்டைவிரல் மேல்விளிம்பில் நின்றது. அந்தப் பள்ளத்தை அப்பா அடைத்தால் காகிதத்தை மடித்துத் திணிப்பார். செல்லோடேப் ஒட்டுவது வீட்டில் நான் ஒருத்திதான். என்னை ஒருமுறை பார்த்தார்.

"சார், இதுல நான் தெரியாம ஏதோ பதிஞ்ச மாதிரி இருக்கு. தப்பு என்னோடதுதான்" என்றார் அப்பா.

பெரிய வீட்டுக்காரர் அதை வாங்கிப் போட்டு, பட்டனை அழுத்தினார். சில நொடிகள் அலறல். பிறகு 'டக்'கென்று ஒரு சத்தம். அதன் பின்னால், மைக்செட் வீட்டின் முழு வல்லமையோடு, என் குரல்:

"பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே! நம் முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்களை அழிப்போரை வரலாறு மன்னிக்காது!"

அம்மா சிரித்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பெரிய வீட்டுக்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க குரல் நல்லாக் கணீர்னு இருக்குண்ணே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் டேப்பை நிறுத்தவில்லை. நார்த்தாமலை வந்தது, சோழர்கள் வந்தார்கள், "நன்றி, வணக்கம்" வந்தது. மறுபடியும் 'டக்', மறுபடியும் அலறல். டிவியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. பிழை என்ற சொல்லை நான் வாசித்தேன்.

பின்னால் சுற்றி, இரண்டாவது முறை போட்டார். மறுபடியும் சுற்றி, மூன்றாவது முறையும் போட்டார்.

"எத்தன நிமிசம் பேசுன பாப்பா?"

"ஆறு நிமிசம் சார்."

"ஆறு நிமிசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பரிசு குடுத்தாங்களா?"

"ரெண்டாம் பரிசு சார்."

"மொதப் பரிசே குடுத்திருக்கலாம்" என்றார்.

கோபப்படவில்லை. அந்தக் கேசட்டையும் மற்றவற்றோடு எடுத்துக்கொண்டு, அம்மா போட்ட டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார். கார் போன பிறகும் அப்பா டேப்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எதற்கு இவ்வளவு வருத்தம், அவர்தான் பாராட்டிவிட்டுப் போனாரே என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் வகுப்பு முழுக்கச் சொன்னேன்: சென்னையிலிருந்து காரில் வந்தவர் என் பேச்சை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

இப்போது கணினிதான் என் வேலை. அதே மாதிரிப் பச்சைப் பலகை ஒன்று என் மேசையிலும் கிடக்கிறது. டேப்பில் ஒன்றின் மேல் இன்னொன்றைப் பதிந்தால், அடியில் பழைய சத்தம் எதுவும் மிஞ்சாது. எனக்கு அது படித்துத் தெரிந்தது; பெரிய வீட்டுக்காரருக்கு அன்றே தெரிந்திருக்கும். அப்படியும் மூன்று முறை கேட்டார்.

மூன்றாவது முறை ஓடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கரின் பக்கம் காதைச் சாய்த்தார். சோழர்கள் பற்றிய இடம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, நானும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு நின்றேன்.