டிரில் மாஸ்டரும் புது விதியும்

முப்பதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கல்லூரியில் நான் நூலகக் குமாஸ்தா. அங்கே கூடைப்பந்து பழக்கியவர் பட்டாளத்திலிருந்து வந்த டிரில் மாஸ்டர். கஞ்சி போட்ட காக்கி நிஜார், முறுக்கிய மீசை. புது மாணவர்களைச் சுவரோரம் கை தூக்கி நிற்கவைத்து, விரல்நுனி எட்டுகிற இடத்தில் கரிக்கோடு போடுவார். உயர எட்டியவனுக்கே அணியில் இடம். அப்போதெல்லாம் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்தை நடுவட்டத்தில் மேலே எறிவார்கள். எகிறித் தட்டுகிறவன் பக்கம்தான் ஆட்டம்.

அந்த வழக்கத்தை எடுத்துவிட்டதாகப் புது விதிப்புத்தகம் வந்தது. இனிக் கூடை விழுந்ததும், எதிரணி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரலாம். ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை, அதை அவருக்குப் படித்துச் சொன்னேன்.

"கூடை வாங்குனவன் கைக்கே பந்தா? அப்போ என் நெட்டப் பசங்க இன்னாத்துக்கு சார்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதராஸ் அணியோடு ஆட்டம். தோற்றால் அவர் வேலை, முறையாகப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞருக்குப் போய்விடும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். எங்கள் பையன்கள் கூடை போட்டதும் பழக்கப்படி நடுவட்டத்துக்கு நடந்தார்கள். மதராஸ்காரர்கள் உடனே பந்தை வெளியிலிருந்து உள்ளே எறிந்து, ஓடிப்போய் எங்கள் பக்கத்துக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் ஓடிப்போய், "மாஸ்டர், பசங்ககிட்ட சொல்லலியா?" என்றேன்.

"சொல்லிட்டா, அப்புறம் சொல்லிக்குடுக்க எங்கிட்ட இன்னா சார் கீது?"

பிற்பாதியில் பையன்கள் தாமாகவே புரிந்துகொண்டு ஓடப் பார்த்தார்கள். ஓடிப் பழகாதவர்களுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது. தோற்ற பிறகு மாஸ்டர் ஒவ்வொருவன் முதுகையும் தட்டி, "நீங்க ஒண்ணும் தப்பு பண்ல" என்றார்.

திங்கட்கிழமை அந்த இளைஞர் வந்துவிட்டார். விதியை நான் சரியாகத்தான் படித்துச் சொன்னேன். மாஸ்டருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது. வேலை போகும் என்று தெரிந்தும் பையன்களிடம் ஏன் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.