பஞ்சு வைத்த தோள்

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தார்கள். நானும் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றேன். நாடா பிடித்தவர் என் மார்பை இரண்டு முறை அளந்தார். நாடாவின் மேல் அவருக்குச் சந்தேகம். பிறகு, “நல்லாச் சாப்பிட்டுட்டு அடுத்த சண்டைக்கு வாங்க தம்பி” என்றார். வரிசையே சிரித்தது.

அடுத்த மாதம் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒற்றை வாத்தியாராக வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தேன். தோளுக்கு எவ்வளவு பஞ்சு வைக்கலாம் என்று தையற்காரர் கேட்டார். கொள்ளுகிற மட்டும் என்றேன். பருத்திச் சீமையில்லையா, அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை.

சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. குரலையும் கனமாக்கிக்கொண்டேன், மணி என்ன என்று கேட்டால்கூடப் பிரசங்கம்தான். கக்கத்தில் எப்போதும் ஒரு புத்தகம். படிக்கத்தான் செய்தேன், ஆனால் தடிமன் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஊர் மதித்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவரும் நின்று பேசவில்லை.

சாயங்காலம் என் வயதுக்காரர்கள் குண்டாற்று மணலில் சடுகுடு ஆடுவார்கள். நான் போனதும் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். ஆட்டத்துக்கும் நாற்காலிக்கும் பத்தடி இருக்கும்.

ஒரு நாள் ஓர் ஆள் குறைந்தது. வாத்தியாரைக் கூப்பிடலாமா என்று ஒருவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“ஏலே, சும்மா கெட” என்றான் பக்கத்திலிருந்தவன். “அவுக கோட்டுல மண்ணு ஒட்டவா?”

என் கை கோட்டின் மேல்பொத்தானை அவிழ்த்துவிட்டது. கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, நானும் வாரேன் என்று சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் மூன்று மாதமாக அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கோட்டைக் கழற்றினால் தோளும் கூடவே கழன்றுவிடும். அந்தப் பட்டாள வரிசையின் சிரிப்பு காதில் கேட்டது. அவிழ்த்த பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டு, பிரசங்கக் குரலில், “ஆட்டத்தைத் தொடங்கலாம். நடுவராக நான் இருக்கிறேன்” என்றேன்.

மரியாதையாகச் சம்மதித்தார்கள். ஒரு பக்கம் ஏழு பேர், மறுபக்கம் ஆறு. ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரண்டார்கள், ஏசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார்கள். ஒருவன் மட்டும் என் பக்கத்தில் தயங்கி நின்றான். ஏதோ பேசத்தான் வருகிறான் என்று நிமிர்ந்தேன்.

“சார், நீங்க எந்திரிச்சா நாற்காலியக் கொண்டு போயிருவேன்” என்றான்.

எழுந்தேன். கோட்டில் ஒரு பொட்டு மணல் இல்லை.