ஒரே எண், நான்கு பச்சை

பிப்ரவரி 23, 1991 – அக்ரிலிக் பச்சை, 312ஆம் எண், ஒரு டியூப் – 18.00
மார்ச் 2 – அதே எண், வேறு கடை – 18.00
மார்ச் 9 – அதே எண், மூன்றாவது கடை – 17.50
மார்ச் 16 – அதே எண், மொத்த விற்பனைக் கடை – 16.00
மார்ச் 23 – கண்காட்சி நுழைவுச்சீட்டு இரண்டு – 4.00

இவை என் மைத்துனரோடு பெயின்ட் தேடி அலைந்ததில் ஆன செலவு. அவர் என் மனைவியின் தம்பி. முப்பது வருடம் பல் செட் செய்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தூரிகையை எடுத்தார். “வாய்க்குள்ள வேலை பார்த்தவன் இப்ப சுவருக்கு வந்துட்டான்” என்று அவருடைய அக்கா கேலி செய்வாள்.

பழைய பழக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா அவரிடம் படம் கேட்டார். புதிய மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு, ஆற்றங்கரை மரங்கள், நாலடி அகலம். ஒருவர் கேட்டு அவர் வரைந்த முதல் படம் அதுதான். “மார்ச் இருபதாம் தேதி திறப்பு. அதுக்குள்ள வரலைன்னா கடையில ஒண்ணு வாங்கி மாட்டிடுவேன்” என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

பல் வரிசை அடுக்குவதுபோல் இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போனார். சரியாகப் பாதி மரங்களில் பச்சை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த கடைசித் துளியை ஓர் அட்டையில் பூசி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். துணைக்கு நான்.

கடை விளக்கை அவர் நம்ப மாட்டார். டியூபைத் திறந்து கையில் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார்.

“சார், சார், எங்க ஓடுறீங்க?”

“வெளிச்சத்துக்குப்பா.”

“காசு கொடுத்துட்டு வெளிச்சத்துக்குப் போங்க!”

வாசலில் நின்று, அட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் ஒரு பொட்டு புதுப் பச்சை வைத்தார். நானே பார்த்தேன், புதியது ஒரு படி வெளுப்பு. உதட்டைப் பிதுக்கிவிட்டு, பொட்டைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தார்.

“இது அது இல்லை.”

“அதே நம்பர்தான் சார். மூடியைத் திறந்தாச்சு, இனி உங்களோடது.”

இப்படியே நான்கு கடைகள், நான்கு டியூப்கள். கம்பெனி கலவையை மாற்றிவிட்டதோ? வெயிலில் வைத்த சரக்கோ? அட்டையில் இருந்ததுதான் நிறம் மாறிவிட்டதோ? பேருந்தில் போகும்போதும் வரும்போதும் இதே பேச்சு. அதற்குள் இருபதாம் தேதி வந்து போய்விட்டது. டாக்டரம்மா ஒரு கடைப் படத்தை மாட்டிவிட்டார் என்ற செய்தியும் வந்தது.

“பாதிப் படத்தைப் பாதி சுவத்துல மாட்டச் சொல்லேன்” என்றாள் அவருடைய அக்கா.

அவர் சிரிக்கவில்லை. “எப்படியும் முடிச்சுக் கொண்டுபோய்க் கொடுக்கணும் அத்தான். ஆனா அந்தப் பச்சை எங்க போச்சுன்னு தெரியாம எப்படி முடிக்கிறது?” என்றார் என்னிடம்.

அதனால்தான் கைவினைக் கண்காட்சிக்குப் போனோம். மரப்பெட்டிகளில் பூ வரைந்து விற்கும் ஒரு பெண்ணின் மேசையில் அதே 312 இருந்தது. ஒரு மரத்துண்டில் அவள் ஒரு பொட்டு வைத்தாள். இவர் அட்டையை நனைத்துப் பக்கத்தில் பிடித்தார், வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கினார். துடைக்கக் கைக்குட்டையை எடுப்பதற்குள் பெட்டி வாங்க ஒரு கூட்டம் வந்து எங்களைத் தள்ளிவிட்டது.

மற்ற கடைகளைச் சுற்றினோம். அணில் முடித் தூரிகை, களிமண், கண்ணாடிக்குப் பூசும் சாயம் என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அரைமணி கழித்துத்தான் அட்டையை அந்த மேசையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போனால், அந்தப் பெண் அட்டையை மரத்துண்டின்மேல் வைத்துக்காட்டினாள். “இதுல எது உங்க பச்சை, எது என் பச்சை?”

இருவரும் குனிந்து பார்த்தோம். வித்தியாசமே இல்லை.

“ஈரத்துல வெளுப்பா இருக்கும் சார், காஞ்சாத்தான் கறுக்கும். ஒருதரம் காஞ்சதைத் திரும்ப நனைச்சாலும் வெளுக்காது. நீங்க காயவே விடலையே?”

என் மைத்துனர் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பல்லு எப்பவும் ஈரமாத்தானே இருக்கும் அத்தான்! அதை ஈரத்துல வெச்சுத்தான் நிறம் பார்ப்போம். முப்பது வருஷம் அப்படியே பார்த்துட்டேன்.”

“அப்போ வீட்டுல கிடக்கிற நாலு டியூப்?”

“நாலும் அதுதான்.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரும் சிரித்துவிட்டு, அவளுடைய பெட்டி ஒன்றை விலை பேசாமல் வாங்கினார்.

மூன்றே நாளில் மிச்ச மரங்கள் முடிந்தன. மார்ச் 27 அன்று படத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா உள்ளே ஒரு நோயாளியோடு இருந்தார். காத்திருப்பு அறைச் சுவரில் கடைப் படம், ஓடும் குதிரைகள். எங்கள் படத்தை அதற்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

பிறகு அவர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. நான் போய்ப் பார்த்துவருகிறேன் என்றாலும் விடவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் அவருக்கு முன்பே வாசலில் போய் நிற்பார்.

டாக்டரம்மாவின் கடிதத்தில் மூன்றே வரி. குதிரைகளைக் கழற்றி மருந்து வைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டாராம். மரங்களை மாட்டிவிட்டாராம். உள்ளறைக்கும் ஒரு படம் வேண்டுமாம், இந்த முறை தேதி எதுவும் இல்லையாம்.

அது வந்த நாள் 1991 ஏப்ரல் 11, வியாழக்கிழமை.